சின்னமுட்டம் கடலில்: மீன்குடல் வாசனைக்கு வந்த விருந்தாளிகள்

செப்டம்பர் தொடக்கத்தில் கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டத்திலிருந்து ஒரு ஃபைபர் வள்ளத்தில் கடற்பறவை பார்க்க நாலைந்து பேர் கிளம்பினோம். மேலக்காற்று அடங்கிவிட்டது என்றார்கள். எங்கே அடங்கியது? மருந்துவாழ் மலை மங்குவதற்குள் நண்பர் ஒருவருக்கு வாந்தி. அந்த ஆட்டத்தில் 10 மடங்கு பைனாகுலர் வீண்; 8 மடங்கே அதிகம்தான்.

வள்ளம் ஓட்டிய அண்ணனுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "அந்தா காக்கா விழுது பாருங்க தம்பி, அடியில சூரை நிக்கும்" என்று திருப்பினார். சூரை மீன் கீழிருந்து துரத்த, பொடிமீன் மேலே வர, அவர் காக்கா என்று சொன்ன ஆலா என்னும் கடற்பறவைகள் விழுந்து விழுந்து எடுத்துக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி மிதந்த தெர்மாகோல் துண்டில் ஒரு பிரைடில்டு ஆலா உட்கார்ந்திருந்தது. கண்ணைத் தாண்டி நீளும் வெள்ளைப் புருவம், பழுப்பு கலந்த முதுகு. மிதக்கிற எதையும் அது விடாது, ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆனால் நான் போனது வில்சன் புயற்பறவை என்ற சின்னக் கடற்பறவைக்காக. அண்ணன் மீன் கழுவிக் குடலை வீசிக்கொண்டே வந்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் காற்று போகும் பக்கத்திலிருந்து, அலையை உரசியபடி கரிய சிறு பறவைகள் எதிர்க்காற்றில் எங்களை நோக்கி வந்தன. வாசனை பிடித்து வருகிற ஜாதி. அலகின் மேலேயே குழல் மூக்கு. வாலடியில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. இறக்கையை உயர்த்தி, நீளக் கால்களால் தண்ணீரைத் தட்டித் தட்டி, நடப்பதுபோலவே, குடலிலிருந்து பரவிய எண்ணெய்ப் படலத்தைக் கொத்தின. எடை சுமார் 40 கிராம்தான். அண்டார்டிகாவிலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர்காலம் வரும்போது இந்தியப் பெருங்கடலின் வடக்குவரை வருகிறது இது! எங்களைச் சட்டை செய்யவே இல்லை, துடுப்புக்கு எட்டும் தூரத்தில் மேய்ந்தன. கேமராவில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்.

திரும்பும்போது ஷியர்வாட்டர் என்ற இன்னொரு கடற்பறவை, கரியது, தூரத்தில் சாய்ந்து போனது. ஃப்ளெஷ்-ஃபுட்டட் வகை என்று ஒருவர், வெட்ஜ்-டெயில்டு வகை என்று இன்னொருவர். அலகின் நிறம் தெரியாமல் எதை எழுதுவது? பட்டியலில் 'ஷியர்வாட்டர்' என்று மட்டும் போட்டேன்.

போக நினைப்பவர்கள் உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். மீன்குடலை முந்தின நாளே சொல்லி வையுங்கள், காலையில் கேட்டால் கிடைக்காது.