தொலைந்த கார் சாவிக்கு இவ்வளவு செலவாகுமா?

காரைக்குடி வாசகர்:
பிள்ளையார்பட்டிக் கோயில் கூட்டத்தில் எங்கள் காரின் ரிமோட் சாவி தொலைந்துவிட்டது. மற்றொரு சாவி வீட்டில் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் புதிய சாவிக்கு 14,000 ரூபாய் கேட்கிறார்கள். கடைவீதியில் சாவி செய்பவரோ, அதில் பாதிக்கும் குறைவாகவே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஏன் இந்த வேறுபாடு?

தேவகோட்டை வாசகர்:
ஐயா, அந்த விலை வெறும் இரும்புக்கு அன்று. சாவியின் தலைப்பகுதிக்குள் இருக்கும் சிறிய சிப் அனுப்பும் குறியீட்டை, காரின் திருட்டுத் தடுப்பு அமைப்பான இம்மொபிலைசர் ஏற்காவிட்டால், அந்தச் சாவி கதவைத் திறந்தாலும் இன்ஜின் ஓடாது. ஆகவே சாவியை வெட்டுவதோடு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியோடு வெளிக் கருவியை இணைக்கும் இடம்) கருவியை இணைத்துப் புதிய சிப்பைக் காரில் பதிய வேண்டும். வெளியில் செய்துகொள்வதில் தவறில்லை. ஆனால் தொலைந்த சாவியின் பதிவை அழித்துத் தருவாரா என்று முதலில் கேளுங்கள். சாவியைக் கண்டெடுத்தவர் காரை ஓட்டிச் செல்ல இடம் தந்து, அதை அழிக்காமல் மலிவாக முடிப்பது, என் கருத்தில், மலிவே அன்று. வீட்டிலுள்ள சாவியையும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்; அழிக்கும்போது அதையும் மீண்டும் பதிய நேரலாம். எல்லாச் சாவிகளும் தொலைந்திருந்தால் வண்டியை இழுத்துச் செல்லும் செலவும் சேர்ந்திருக்கும்.

பள்ளத்தூர் வாசகர்:
இன்சூரன்ஸ் பாலிசியையும் பாருங்கள். சாவி மாற்றும் செலவுக்கான கூடுதல் காப்பீட்டைத் தனியாக எடுத்திருந்தால் தொகை கிடைக்கும். அதற்குப் பெரும்பாலும் காவல் நிலையப் புகாரின் நகலும் அசல் பில்லும் கேட்பார்கள்.

காரைக்குடி வாசகர்:
நன்றி. பாலிசியில் அந்தக் கூடுதல் காப்பீடு இருக்கிறது; எனவே புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்கிறேன்.