மறு: சிறு அக்ரிலிக் காய்களின் குறிகளுக்குப் பெயர் – ‘ஒற்றச்சு’ வேண்டாம், ‘ஒற்றியச்சு’

வணக்கம் நண்பர்களே, அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) ஆட்டக்காய்களில் எண் பதிக்கும் ஒவ்வொரு முறைக்கும் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதில் பேட் பிரிண்டிங்குக்கு, அதாவது மெத்தென்ற பேடால் மையை எடுத்துப் பதிப்பதற்கு, ‘ஒற்றச்சு’ என்று ஒரு பெயர் வந்தது. அதைப் பற்றியும் மற்றப் பெயர்களைப் பற்றியும் என் பதில்:

> எல்லாவற்றுக்கும் ‘குறியிடல்’ என்று ஒரே சொல் வைத்துவிட்டால் போதாதா?

போதாதுங்க. ஈரோட்டு நண்பர் கேட்டதே, கையில் இருக்கும் ஆட்டக்காயில் எண் எப்படி வந்தது என்பதுதான். ‘குறியிட்டார்கள்’ என்றால் அவர் கேள்வியையே அவரிடம் திருப்பிக் கொடுத்த மாதிரி. அச்சடித்த எண் புழங்கப் புழங்கத் தேய்ந்துபோகும். பொறித்த எண்ணில் நிரப்பின சாயம் உதிர்ந்தாலும் எண் நிற்கும். காயை வார்க்கிற மோல்டிலேயே வந்த எண் காய் இருக்கிற வரைக்கும் இருக்கும். தொலைந்த காய்க்கு மாற்று செய்ய எந்தப் பட்டறைக்குப் போவது என்பதும் இதை வைத்துத்தான்.

நம்ம ஊரிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் உள்ள குறிகளைத் தொல்லியலார் ‘கீறல்’ என்கிறார்கள். அதோடு விடுவதில்லை, பானையைச் சுடுவதற்கு முன் கீறியதா, சுட்ட பின் கீறியதா என்றும் பிரித்துப் பார்க்கிறார்கள். குறி பொருளோடு பிறந்ததா, பிறகு வந்ததா என்ற அதே கேள்விதான் நமக்கும். நம் சொற்களும் அதைச் சொல்ல வேண்டும்.

சரி, காயைக் கையில் எடுங்கள். எண்ணின் ஓரத்துக்குக் குறுக்கே நகத்தை இழுத்தால் விழுகிறதா, தடுக்குகிறதா, ஒன்றுமே தெரியவில்லையா?

விழுந்தால் பள்ளம். துணியில் நூல் எண்ணுகிற லென்ஸை வைத்து அதற்குள் பாருங்கள். கோவைப் பக்கம் ஷீல்டு, பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் அக்ரிலிக்குக்குப் புழங்குவது கார்பன்-டை-ஆக்சைடு லேசர். அதன் கதிரை அக்ரிலிக் நன்றாக உறிஞ்சும், பட்ட இடம் ஆவியாகிப் பள்ளம் விழும். திரவமாக ஊற்றி இறுகவைத்த வார்ப்பு ஷீட்டானால் பள்ளத்தின் அடி சாக்பீஸ் தேய்த்தது போல வெளுத்திருக்கும். உருக்கிப் பிதுக்கி இழுத்த ஷீட்டில் அவ்வளவு வெளுக்காது, உருகின விளிம்பு ஓரத்தில் மெல்ல எழும்பி நிற்கும். லேசர் தலை போய் வந்த கோடுகள் எல்லா எழுத்திலும் ஒரே திசையில் இணையாக ஓடும். சுழலும் கத்தி வெட்டினதில் கோடு எழுத்தின் வளைவோடு வளைந்து போகும். மோல்டில் வந்ததில் இந்தத் தடம் எதுவும் இருக்காது, பள்ளத்தின் சுவர் லேசாகச் சாய்ந்திருக்கும். நேர்க்குத்தாக இருந்தால் காய் மோல்டை விட்டு எளிதில் வெளியே வராது. காயின் ஓரத்தில் பிளாஸ்டிக் உள்ளே போன வாயின் தழும்பும் கிடைக்கும்.

இந்த மூன்றுக்கும் பெயர் தேடி அலைய வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தில் ‘பேர் வெட்டுவது’ என்கிறோம், அதனால் கத்தியில் செய்தது ‘வெட்டு’. லேசரில் செய்தது ‘லேசர் பொறிப்பு’. மோல்டில் வந்தது ‘வார்ப்புக்குறி’.

நகம் தடுக்கினால் பெரும்பாலும் மை மேலே நிற்கிறது. லென்ஸில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு எனப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் புறஊதா ஒளியில் காய்கிற இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் ஒரே நிறமாக, கனமாக இருந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங். ‘திரையச்சு’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். ஒன்றுமே தடுக்காவிட்டால் காயைச் சாய்த்துப் பாருங்கள். தெளிவான அக்ரிலிக்கில் பின்பக்கம் இடவலம் மாற்றி அடிப்பதும் உண்டு, அப்போது எண் கீழே ஆழத்தில் கிடப்பது தெரியும். இதற்குப் ‘பின்னச்சு’ என்பது என் யோசனை.

மிச்சம் இருப்பதுதான் இந்த இழையில் இழுபறியாகிக் கிடக்கும் பேட் பிரிண்டிங். திருப்பூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பனியனின் கழுத்துக்கு உள்பக்கம், தைத்த லேபிளுக்குப் பதிலாக சைஸும் துவைக்கும் குறிப்பும் அடிக்கிறார்களே, அதற்கு இந்த மிஷினும் ஓடுகிறது. எழுத்துப் பள்ளமாக அரிக்கப்பட்ட தகட்டில் மை பரப்பி, மேலே உள்ளதை வழித்துவிடுவார்கள். சிலிக்கான் பேட் வந்து அமுங்கி, பள்ளத்தில் தங்கின மையை எடுக்கும். அதற்குள் மையின் மேற்பரப்பு காற்றில் கொஞ்சம் உலர்ந்து பிசுபிசுக்கும். காயின் மேல் அமுங்கினதும் மை சிலிக்கானை விட்டுக் காயைப் பிடித்துக்கொள்ளும். பேட் மெத்தென்று வளைந்து கொடுப்பதால் குழிவு, உருண்டை எதிலும் அடிக்கலாம். மைப்படலம் மிக மெல்லியது. திரையச்சில் தடுக்குகிற நகம் இதில் வழுக்கிக்கொண்டு போகும். பின்னச்சு இல்லை, நகத்துக்கும் படவில்லை, ஆனால் மை மேலேதான் இருக்கிறது என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

> ‘மெத்தையச்சு’, ‘திண்டச்சு’ இரண்டில் ஒன்றை எடுக்கலாமே?

இரண்டும் கருவியைப் பார்க்கின்றன, வேலையைப் பார்க்கவில்லை. இங்கே நடக்கும் வேலை ஒற்றுவது. மையை ஒற்றுகிற தாளுக்கு ‘ஒற்றுத்தாள்’ என்று பெயர் இருக்கிறது. பேட் ஒற்றி எடுக்கிறது, பிறகு ஒற்றி வைக்கிறது. ஒரே வினை இரண்டு அசைவையும் சொல்லிவிடுகிறது.

அதனால் கோபிசெட்டிபாளையத்து நண்பர் சொன்ன ‘ஒற்றச்சு’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பட்டறையில் யாரும் ‘ஒற்ற’ என்று நிறுத்திச் சொல்ல மாட்டார்கள், ‘ஒத்தச்சு’ என்பார்கள். ‘ஒத்த’ என்றால் இங்கே ‘ஒன்று’ என்று பொருள். ஒரு நிறமா, இரண்டு நிறமா என்று எந்நேரமும் கேட்கிற தொழிலில், ‘ஒத்தச்சு’ என்றால் ஒரு நிற அச்சு என்றே எடுத்துக்கொள்வார்கள், ஆர்டர் மாறிப்போகும். ‘ஒற்றியச்சு’ என்று வைத்தால் பேச்சில் ‘ஒத்தியச்சு’ ஆகும். ஒத்திக்கு விடுவது என்ற நிலப்பேச்சு ஞாபகம் வரலாம், ஆனால் அச்சு மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நிலத்தை யாரும் நினைக்கப்போவதில்லை. என் ஓட்டு ‘ஒற்றியச்சு’வுக்கு.

அப்புறம் ஒன்று: மையா என்று பார்க்க ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொட்டுத் தேய்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். லேசரில் அறுத்த ஓரத்தில் சூட்டினால் வந்த உள்ளிறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டால் மயிரிழை விரிசல் ஓடி, காயே வீணாகலாம். சோப்புத் தண்ணீர் போதும்.

சூட்டில் அழுத்திப் பொன்னிறத் தாளை ஒட்டவைக்கும் முறைக்கு மட்டும் என்னிடம் நல்ல சொல் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களில் இதே வேலை நடக்கிறது. அங்கே தெரிந்தவர்கள் இருந்தால், மிஷினில் நிற்பவர் அதை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.