ப்ளக்இன் மோதலில் மாட்டிய கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

நானே தொடங்கிவைக்கிறேன். தளம் வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்). மேலே ஒரு பேஜ் பில்டர் (பக்கங்களை எளிதாக வடிவமைக்கும் கருவி), அது போக 24 ப்ளக்இன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்). (இத்தனை எதற்கு என்று கேட்காதீர்கள், ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அவசரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.) ஒருநாள் முகப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மாற்றலாம் என்று எடிட்டரைத் திறந்தால், இடப்பக்கப் பட்டை வந்துவிட்டது, பக்கம் தெரியவேண்டிய இடத்தில் மட்டும் சாம்பல் நிறமும் நடுவில் சுற்றும் வட்டமும். ஐந்து நிமிடம் கழித்தும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தளத்துக்கு ஒரு குறையும் இல்லை.

முந்தின இரவுதான் பில்டருக்குக் கூடுதல் வசதி தரும் ஆட்ஆன் ஒன்றை அப்டேட் செய்திருந்தேன். சரி, இதுதான் என்று முடிவுகட்டிப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். வட்டம் சுற்றியது. ஆட்ஆனையே நிறுத்தினேன், சுற்றியது. கேஷை (வேகத்துக்காகச் சேமித்துவைத்த பக்க நகல்கள்) மூன்று தடவை காலிசெய்து, தீம் எனப்படும் தளத் தோற்றத்தை மாற்றிப் பார்த்து, பாதி நாள் போய்விட்டது.

அப்புறம்தான் புத்தி வந்து பாதிப் பாதியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், 24-ஐ அப்படிப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும். 12-ஐ நிறுத்துங்கள். எடிட்டர் திறந்தால் குற்றவாளி அந்த 12-க்குள், திறக்காவிட்டால் மீதி 12-க்குள். அடுத்து 6, அடுத்து 3 என்று போனால் ஐந்து முயற்சிக்குள் சிக்கிவிடும். இதை ஓடும் தளத்தில் செய்யப் பயமாக இருந்தால் ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங் என்ற இலவச ப்ளக்இன் இருக்கிறது. அதில் ட்ரபிள்ஷூட்டிங் மோடைப் போட்டால் உங்கள் லாகினுக்கு மட்டும்தான் மற்றவை அணையும், வருகிறவர்களுக்குத் தளம் எப்போதும்போல் தெரியும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், இரண்டு ப்ளக்இன் சேர்ந்தால்தான் வருகிற கோளாறு என்றால் பாதிக்கணக்கு குழப்பிவிடும்.

எனக்குச் சிக்கியது ஆட்ஆன் இல்லை, செக்யூரிட்டி ப்ளக்இன்! பேஜ் பில்டர் நம் பக்கத்தை எடிட்டருக்குள் ஓர் ஐஃப்ரேமில் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் பெட்டி) வைத்துத்தான் காட்டுகிறது. செக்யூரிட்டி ப்ளக்இன்னில் எக்ஸ்-ஃப்ரேம்-ஆப்ஷன்ஸ் என்று ஒரு செட்டிங், அதில் டினை என்று வைத்திருந்தேன். டினை என்றால் எந்தத் தளமும் இந்தப் பக்கத்தை ஃப்ரேமுக்குள் காட்டக்கூடாது, சொந்தத் தளம் உட்பட. சேம்ஆரிஜின் (சொந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி) என்று மாற்றினேன், எடிட்டர் திறந்துவிட்டது. அந்த செட்டிங்கை மாற்றியது மூன்று வாரத்துக்கு முன்னால். இடையில் எடிட்டர் பக்கமே போகாததால் தெரியவில்லை. பாவம் அந்த ஆட்ஆன், கடைசியாக வந்த ஒரே காரணத்துக்காக அடி வாங்கியது. எஃப்12 தட்டி, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைப் பார்த்திருந்தால் சிவப்பு எழுத்தில் இதே செட்டிங்கின் பெயர் இருந்திருக்கும், பிறகு பார்த்தபோது இருந்தது.

*

கன்சோல் விஷயத்தை அப்படியே ஆமோதிக்கிறேன். ஆனால் என் கதையில் கன்சோலும் சுத்தமாக இருந்தது, அதுதான் கொடுமை.

மொபைலில் மெனு திறக்கவில்லை என்று ஒருவர் சொன்னார். என் போனில் பார்த்தேன், திறந்தது. இன்னொருவரும் அதையே சொன்னார். கணினியில் திரையைச் சுருக்கிப் பார்த்தேன், அங்கும் திறந்தது. உங்கள் போனில்தான் கோளாறு என்று இருவருக்கும் மரியாதையாகப் பதில் எழுதினேன், நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. விஷயம் என்னவென்றால் நான் போனிலும் கணினியிலும் லாகின் செய்தே வைத்திருந்தேன். வேகத்துக்காகப் போட்ட கேஷ் ப்ளக்இன் லாகின் செய்தவர்களுக்குத் தன் வேலையைக் காட்டுவதில்லை, பழைய நேரான பக்கத்தையே கொடுக்கிறது. வெளியாட்களுக்கு மட்டும் ஸ்கிரிப்டுகளை (பக்கத்தை இயங்கவைக்கும் சிறு நிரல்கள்) தள்ளிப்போட்டு, ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிறது. லாக்அவுட் செய்துவிட்டுப் பார்த்தால் கன்சோலில் ஜேக்வெரி இஸ் நாட் டிஃபைன்ட் (ஜேக்வெரி என்ற ஸ்கிரிப்டு நூலகத்தைக் காணோம்) என்று சிவப்பாக நிற்கிறது: பில்டரின் மெனு ஸ்கிரிப்டு முன்னால் ஓடிவிட்டது, அது நம்பியிருந்த ஜேக்வெரி பின்னால் வருகிறது.

கேஷ் ப்ளக்இன்னை எடுக்கவில்லை. தள்ளிப்போடக் கூடாதவை என்ற விலக்குப் பட்டியலில் ஜேக்வெரியையும் பில்டரின் முக்கிய ஸ்கிரிப்டையும் சேர்த்து, கேஷைக் காலிசெய்தேன், மெனு வந்துவிட்டது. அன்றிலிருந்து எதை மாற்றினாலும் இன்காக்னிட்டோவில் (லாகின் இல்லாமல் திறக்கும் தனி ஜன்னல்) ஒருமுறை பார்க்காமல் படுப்பதில்லை.

*

எனக்கு ஒரு வரிக் கதைதான். இரண்டு மணிநேரம் ப்ளக்இன்களோடு மல்லுக்கட்டினேன், கடைசியில் என் பிரவுசரில் இருந்த விளம்பரத் தடுப்பான் எக்ஸ்டென்ஷன்தான் எடிட்டரின் ஒரு ஃபைலை முடக்கியிருந்தது. தளத்தில் கைவைக்கும் முன்னால் வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள்.

*

நீங்களெல்லாம் எடிட்டராவது பார்த்தீர்கள், எனக்கு முழு வெள்ளை. தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில் பிஎச்பியை (வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழி) 7.4-இலிருந்து 8-க்கு மாற்றிய மறுநொடி தளமும் இல்லை, அட்மினும் இல்லை. வேர்ட்பிரஸ் 5.2-இலிருந்து இப்படி விழும்போது ரெக்கவரி மோடுக்கான (கோளாறானதை நிறுத்திவைத்து அட்மினுக்குள் போகும் வழி) லிங்க்கை அட்மின் மெயிலுக்கு அனுப்பும். என் தளத்தில் அட்மின் மெயில், நான் கைவிட்டு வருடக்கணக்கான முகவரி.

வேறு வழியில்லாமல் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் போய் டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்பு ஃபைலில், பிழைகளைக் குறித்துவைக்கும் டீபக் லாகைப் போட்டேன் (திரையில் காட்டாமல் ஃபைலில் மட்டும் எழுதும்படி). லாகில் ஒரே வரி. கிரியேட் ஃபங்ஷன் என்ற பழைய கட்டளையை ஏதோ கூப்பிடுகிறது, பிஎச்பி 8-இல் அந்தக் கட்டளையே கிடையாது, எடுத்துவிட்டார்கள். கூப்பிட்டது யார் என்பதும் அதே வரியில் இருந்தது, ஃபைல் பாதையில் ப்ளக்இன்ஸ் என்பதற்கு அடுத்து வரும் பெயர்தான் ஆள். என்றோ போட்டு மறந்துபோன ஸ்லைடர் (படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ப்ளக்இன்). அதன் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தேன், வேர்ட்பிரஸ்ஸுக்கு அது அடையாளம் தெரியாமல் போனது, தளம் எழுந்து உட்கார்ந்தது. பில்டரில் செய்த பக்கங்கள் எல்லாம் அப்படியே இருந்தன, அவை டேட்டாபேஸில் அல்லவா இருக்கின்றன. ஃபோல்டரை மாற்றினால் டிசைன் போய்விடுமோ என்று பயந்து ஒரு மணிநேரம் வீணாக்கினேன்.

*

தொடங்கியவன்தான் எழுதுகிறேன். லாக்அவுட் கதையைப் படித்துவிட்டு நானும் போனில் இன்காக்னிட்டோவில் என் தளத்தைத் திறந்தேன். மெனு திறக்கிறது, நல்லது. தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பு பட்டனைத் தட்டினேன், ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு வாரமாக ஒரு மெயிலும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேஷ் ப்ளக்இன்னைத் திறக்கப் போகிறேன், ஆனால் இந்தத் தடவை முதலில் கன்சோல்.