ஊடகத்தை அடிக்கடி மாற்றுவது ஓவியப் பயிற்சிக்குத் தடையாகுமா?

தூரிகைமுனை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஓவியம் பயிலத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. பென்சிலிலும் சார்கோல் என்னும் கரிக்குச்சியிலும் தொடங்கி, நீர்வண்ணத்துக்கு வந்து, அங்கிருந்து அக்ரிலிக்குக்கும் ஆயில் பேஸ்டலுக்கும் தாவி, இப்போது லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்செடுக்கும் லினோகட்டில் இருக்கிறேன். இடையிடையே டேப்லெட்டிலும் வரைகிறேன். எந்த ஊடகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் பெரும் உற்சாகம் பிறக்கிறது. சில படங்கள் தேறியதும் அடுத்த ஊடகத்தின் மீது மனம் போய்விடுகிறது.

என் படங்களை ஒருசேரப் பார்த்த மூத்த ஓவியர் ஒருவர், இவை பலர் சேர்ந்து வரைந்தவை போல இருக்கின்றன என்றும், ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்பதே நல்லது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவும் படுகிறது, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவற்றைக் கைவிட மனமும் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்? பல ஊடகங்களையும் பழகலாம் என்றால், அதற்கென்று ஒரு வரிசை உண்டா?

இதனோடு செய்முறை சார்ந்த இரண்டு ஐயங்களும் உள்ளன. என் நீர்வண்ணப் படங்கள் பாதி வேலையிலேயே கலங்கிப்போய்ச் சேற்று நிறமாகிவிடுகின்றன. ஆயில் பேஸ்டலால் வரைந்ததன் மேல் அக்ரிலிக் பூசினால், காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினாலே உரிந்து வருகிறது. காரணம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கரித்தூள் (மறுமொழி)

அந்த மூத்த ஓவியர் சொன்னதை நான் பெரிதும் ஏற்கிறேன். எந்த ஊடகமும் தொடக்கத்தில் தாராளமாகவே கொடுக்கும். நீர்வண்ணத்தில் ஈரத்தாளில் வண்ணம் தானாகப் பரவி வானம் போலத் தோன்றிவிடும். சார்கோலை விரலால் தேய்த்தாலே நிழல் வந்துவிடும். இவை ஊடகம் தரும் அழகுகள். வரைபவரின் பங்கு இவற்றில் குறைவு. உண்மையான சிரமம் அதற்குப் பின்னரே வருகிறது. நீர்வண்ணத்தில் எந்த விளிம்பைக் கரையவிடுவது, எதைக் கூர்மையாக நிறுத்துவது என்ற கேள்வியும், சார்கோலில் ஆழ்ந்த கறுப்புக்கும் தாளின் வெண்மைக்கும் நடுவில் உள்ள சாம்பல் படிநிலைகளைப் பிரித்துக்காட்டும் வேலையும் எழும்போதுதான் பலரும் அடுத்த ஊடகத்துக்கு நகர்கிறார்கள். நீங்கள் குறிப்பிடும் அந்த உற்சாகம் ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோகும் இடம் எது என்று கவனித்துப் பாருங்கள். ஒரே வகைச் சிரமத்தின் முன்புதான் அது தீர்கிறது என்றால், ஊடகத்தை மாற்றிப் பயனில்லை.

வரிசை என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் பொருந்தும் வரிசை இல்லை. ஆனாலும் ஒளி, நிழல் அளவுகளை நிறமின்றிக் கையாளத் தெரியாதவர் வண்ணத்தில் இரட்டைச் சுமை சுமக்கிறார் என்பது என் எண்ணம். ஆகவே சார்கோலில் நீண்ட காலம் இருங்கள். கொடிச் சார்கோல் என்னும் மென்மையான குச்சிகளைத் துணியால் தட்டினாலே போய்விடும் என்பதால் அமைப்பைத் தேடுவதற்கு அவை ஏற்றவை. அழுத்திச் செய்த சார்கோல் தாளைக் கவ்விக்கொள்ளும். அதை முழுமையாக அழிக்க முடியாது என்பதால் இறுதிக் கறுப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிசையும் ரப்பரை அழிக்கும் கருவியாக எண்ணாமல் வெளிச்சத்தை வரையும் கருவியாகப் பயன்படுத்திப் பழகினால், அது பின்னால் எல்லா ஊடகங்களுக்கும் உதவும்.

அச்சுமை (மறுமொழி)

கரித்தூள் அவர்கள் சொன்னதில் பாதியை ஏற்று, பாதியை மறுக்கிறேன். சிரமத்தைக் கண்டு நகர்வது வேறு. வரைய நினைத்தது இந்த ஊடகத்தில் அடங்கவில்லை என்று கண்டு நகர்வது வேறு. இரண்டாவது வகை நகர்வு இல்லாமல் கலை வரலாற்றில் பல படைப்புகள் பிறந்திருக்கவே முடியாது.

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1893 முதல் 1897 வரை நெசவாளர் கிளர்ச்சியைப் பற்றி அவர் உருவாக்கிய ஆறு அச்சுப்படங்களில் மூன்று கல்லச்சு (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு), மூன்று எட்சிங் (உலோகத்தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு). பின்னர் 1914ஆம் ஆண்டுப் போரில் மகனை இழந்த அவர், போரைப் பற்றிய படங்களை எட்சிங்கிலும் கல்லச்சிலும் முயன்று நிறைவடையாமல் இருந்தார். 1920ஆம் ஆண்டு சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைக் கண்ட பிறகே, அந்த வழியில் ஏழு படங்களை முடித்தார். எட்சிங்கின் மெல்லிய கோடுகளும் கல்லச்சின் இதமான சாம்பல் நிறங்களும் தாங்காத ஒன்றை, உளி பிளந்த கறுப்பு வெள்ளை தாங்கியது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊடகத்தைத் தேடுவது இளமைக்கால அலைச்சல் என்று கருதுபவர்களுக்காக.

வங்கக் கலைஞர் சோம்நாத் ஹோரும் அப்படியே. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் கண்ட உடல்களைக் கோட்டோவியங்களாக வரைந்த அவர், மரச்செதுக்கிலும் உலோகத்தகட்டு அச்சுகளிலும் நெடுங்காலம் உழைத்தார். 1970களில் களிமண் பரப்பைக் கீறியும் குத்தியும் அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, அதில் காகிதக்கூழை வார்த்து, ‘காயங்கள்’ என்ற வரிசையை உருவாக்கினார். வெள்ளைத்தாளில் வெள்ளையாகவே புடைத்தும் பிளந்தும் நிற்கும் வடுக்கள் அவை. பெரும்பாலும் உருவமே இல்லை. அதன் பிறகு வெண்கலச் சிற்பத்துக்குப் போனார். ஊடகம் இத்தனை முறை மாறியும் அவருடைய படைப்புகளைப் பலர் செய்தவை என்று யாரும் சொல்வதில்லை; ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்றையே.

உங்கள் தொகுப்பில் குறைவது அதுவாக இருக்கலாம். ஊடகம் மாறும்போது வரையும் பொருளும் மாறிவிடுகிறதா என்று பாருங்கள். நீர்வண்ணத்தில் நிலக்காட்சி, சார்கோலில் முகம், லினோகட்டில் பறவை என்று போனால், கற்றது ஊடகத்தாலா பொருளாலா என்று உங்களுக்கே தெரியாது. ஒரு பொருளை நிலையாக வைத்துக்கொண்டு ஊடகத்தை மட்டும் மாற்றுங்கள். உங்கள் இடது கையையே எடுத்துக்கொள்ளலாம். எப்போதும் உடன் இருக்கும், அசையாமல் இரு என்றால் கேட்கும்.

அதைப் பென்சிலில் வரையும்போது விரல் மடிப்புகளையும் நகங்களையும் தேடிச் செல்வீர்கள். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பூசாமல் விட்ட தாளே ஆதலால், புறங்கையின் எலும்பு முனைகளில் ஒளிரும் இடங்களை முதலிலேயே தீர்மானித்து ஒதுக்க வேண்டியிருக்கும். வெளிறியதிலிருந்து அடர்த்திக்குப் போவதன்றி வேறு வழியில்லை. ஆயில் பேஸ்டலின் தடித்த முனையில் மடிப்புகளை வரையவே இயலாது. கை என்பது இரண்டு மூன்று பெரிய நிறப்பரப்புகளாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்திலும் அது கையாகத் தெரிந்தால், நீங்கள் அதன் அமைப்பைப் புரிந்துகொண்டுவிட்டீர்கள் என்று பொருள்.

லினோகட்டுக்கு வரும்போதுதான் கணக்கே மாறுகிறது. அங்கே நீங்கள் செதுக்குவது வெள்ளையை, விட்டுவைப்பது கறுப்பு. நடுவில் சாம்பல் கிடையாது. உள்ளங்கையின் பாதிநிழல் கறுப்போடு சேருமா, வெள்ளையோடு சேருமா என்று ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவெடுக்க வேண்டும். அல்லது நெருக்கமான கீறல்களால் ஒரு சாம்பலை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: லினோவில் நேராக வரைந்து செதுக்கினால், அச்சில் உங்கள் இடது கை வலது கையாகிவிடும். மெல்லிய தாளில் வரைந்து, அதைத் திருப்பிப்போட்டு நகலெடுத்துச் செதுக்குங்கள். லினோ கடினமாக இருந்தால் சற்றே சூடேற்றிக்கொள்ளலாம், உளி வழுக்காமல் செல்லும். செதுக்கும் திசையில் மற்றக் கையை ஒருபோதும் வைக்கவேண்டாம். வரையும் பொருளே அந்தக் கை என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

ஈரத்தாள் (மறுமொழி)

செய்முறை ஐயங்களை இதுவரை யாரும் தொடவில்லை என்பதால் அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீர்வண்ணம் கலங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். முதலாவது, எண்ணத்தில் இரண்டு வண்ணங்களைக் கலந்தாலும் உண்மையில் நான்கைந்து நிறமிகள் கலந்துவிடுவது. வண்ணக்குழாயின் பெயரை நம்பாமல், அதன் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பிபி29 என்றிருந்தால் அது அல்ட்ராமரைன் நீலம் மட்டுமே; பிபி15 என்றால் தாலோ நீலம். ஒரே குழாயில் இரண்டு மூன்று குறியீடுகள் இருந்தால் அது ஏற்கெனவே கலவை. ஒற்றை நிறமி வண்ணங்களாகச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கலவையில் இரண்டுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று சில காலம் கட்டுப்பாடாக இருந்து பாருங்கள். குறியீட்டைப் படிக்கும்போதே ஒளியைத் தாங்கும் தரத்தையும் பாருங்கள். பிஆர்83 என்ற அலிசரின் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறிப்போகும் இயல்புடையது.

இரண்டாவது காரணம் நேரம். தாளின் பளபளப்பு போய், இன்னும் முழுமையாகக் காயாத இடைநிலையில் தூரிகையை மறுபடி வைப்பதுதான் மிகப் பெரிய கேடு. அப்போது தூரிகையில் உள்ள கூடுதல் நீர், பாதி படிந்த நிறமியை வெளியே தள்ளி, காலிஃபிளவரைப் போன்ற சுருண்ட விளிம்பை உண்டாக்கும்; அதைச் சரிசெய்யத் தேய்த்தால் அடியடுக்கும் கிளம்பி எல்லாம் ஒன்றாகிவிடும். தாள் காய்ந்ததா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. புறங்கையைத் தாளின் மேல் மெல்ல வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஒன்று, நல்ல ஈரத்தில் முடித்துவிட வேண்டும். அல்லது, முழுமையாகக் காயவிட வேண்டும். மரக்கூழில் செய்த மெல்லிய தாள் இரண்டு மூன்று அடுக்குகளுக்கே நார் எழும்பிவிடும் என்பதையும் கவனியுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித்தாள் எத்தனையோ தவறுகளை மன்னிக்கும்.

அக்ரிலிக் உரிந்து வருவதற்குக் காரணம் எளிது. அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள். நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாகின்றன. அந்தப் படலம் பற்றிக்கொள்ளச் சற்றுச் சொரசொரப்பான, எண்ணெய்ப்பசையற்ற பரப்பு வேண்டும். ஆயில் பேஸ்டலிலோ மெழுகும், காயாத வகை எண்ணெயும் இருக்கின்றன. அது என்றைக்கும் முழுமையாக இறுகுவதில்லை. ஆகவே மேலே பூசிய அக்ரிலிக் பிடிப்பின்றித் தோல் போல நிற்கிறது. வரிசையை மாற்றிவிடுங்கள்: கீழே அக்ரிலிக், மேலே ஆயில் பேஸ்டல். முடிந்த படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பது நல்லது. பேஸ்டலின் மேல் நீர்த்த நீர்வண்ணத்தைப் பூசினால் அது ஒட்டாமல் விலகி நிற்கும். அந்த விலகலையே விரும்பிப் பயன்படுத்தும் ஓவியர்களும் உண்டு.

நாளை எண்ணெய் வண்ணத்துக்கு நீங்கள் போகத்தான் போகிறீர்கள் என்று தோன்றுவதால் இதையும் சொல்லிவைக்கிறேன். காய்ந்த அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம்; எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையில் வெப்பம் உண்டாகும் என்பதால், எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துவைத்தால் தானாகவே தீப்பற்ற வாய்ப்புண்டு. அவற்றை விரித்துக் காயப்போடுங்கள்.

தூரிகைமுனை (கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. என் படங்களை மறுபடி பரப்பிப் பார்த்தேன். அச்சுமை அவர்கள் ஊகித்தது போலவே, ஊடகத்தோடு பொருளும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. கையையே வரையத் தொடங்கியிருக்கிறேன். டேப்லெட்டை இந்தப் பயிற்சியில் சேர்க்கலாமா? லினோகட்டுக்கு முன்பாக, சார்கோல் படத்தை ஒளிப்படம் எடுத்து, மென்பொருளிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்வது எளிதாகத் தெரிகிறது.

அச்சுமை (மறுமொழி)

சேர்க்கலாம், ஆனால் நீங்கள் சொன்ன அந்த வேலைக்கு வேண்டாம். எந்தச் சாம்பல் கறுப்பாகும், எது வெள்ளையாகும் என்று முடிவெடுப்பதுதான் லினோகட் தரும் பயிற்சி முழுவதும். அதை மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது செதுக்கும் உழைப்பு மட்டுமே. டேப்லெட்டிலேயே வரைவதானால், ஒரே அடுக்கில், செய்ததைத் திரும்பப்பெறும் வசதியைத் தொடாமல் வரைந்து பாருங்கள். திரையின் நிறங்கள் ஒளியாக வெளிப்படுபவை என்பதையும், அங்கே பளிச்சிடும் நீலமும் பச்சையும் தாளில் அச்சாகும்போது மங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கரித்தூள் (மறுமொழி)

சார்கோலில் நீண்ட காலம் இருங்கள் என்ற என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. கையை வரைந்தாலும் அதிலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் எந்தத் தாள், எந்த நிறமி, எந்த அடுக்கு முதலில் என்பதைத் தேதியோடு குறித்துவையுங்கள். உரிந்த படத்துக்கும் உரியாத படத்துக்கும் உள்ள வேறுபாடு பின்னொரு நாள் நினைவில் இருக்காது. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மெல்லிய தாளில் முன்பக்கம் ஊறிவிடும்.