'கிளிம்மர்' என்ற ஆங்கிலச் சொல்: எங்கே வெளிச்சம், எங்கே உருவகம்?

கேள்வி: வரிக்குவரி

மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட ஓர் ஆங்கிலக் கதையில் 'கிளிம்மர்' என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. நான்கிலும் வெவ்வேறு வேலை செய்கிறது.

1. ஏரிக்கு அக்கரையில் விளக்குகள் 'கிளிம்மர்' ஆகின்றன. இங்கே வினைச்சொல்.
2. கதவு இடுக்கில் 'எ ஃபெயின்ட் கிளிம்மர் ஆஃப் லைட்'.
3. நினைவு தப்பிய முதியவர் மகளைப் பார்க்கும்போது அவர் கண்ணில் 'எ கிளிம்மர் ஆஃப் ரெகக்னிஷன்'.
4. மருத்துவர் சொல்லும் இடத்தில் 'நாட் ஈவன் எ கிளிம்மர் ஆஃப் ஹோப்'.

அகராதிகள் 'மங்கிய ஒளி, மினுமினுப்பு' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. செய்தித்தாள்களில் 'நம்பிக்கைக் கீற்று' என்று எழுதுகிறார்கள். ஆனால் 4-ஆம் வாக்கியத்தில் 'நம்பிக்கைக் கீற்றுகூட இல்லை' என்று வைத்துப் படித்தால் மருத்துவர் மேடையில் பேசுவதுபோல் இருக்கிறது.

கிளீம், கிளின்ட், ஷிம்மர் ஆகியவற்றிலிருந்து இது எங்கே பிரிகிறது? 'கிளிம்மர் ஆஃப்' என்பதற்குப் பின் எந்தப் பெயர்ச்சொல் வேண்டுமானாலும் வரலாமா? தமிழில் கட்டாயம் ஒளியைக் கொண்டுவரத்தான் வேண்டுமா?

மறுமொழி 1: அரையிருள்

முதலில் நேர்ப்பொருளைப் பார்த்துவிடுவோம். உருவகம் கிளம்புவது அங்கிருந்துதான்.

ஒன்றைக் கிளிம்மர் என்று சொல்ல, ஒளி மங்கலாக இருக்க வேண்டும். நிலையாக நிற்காமல் தெரிவதும் மறைவதுமாக இருக்க வேண்டும். சுற்றிலும் அதைவிட இருட்டாக இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஆங்கிலம் பெரும்பாலும் வேறு சொல்லைத் தேடிப் போகும். துடைத்து மெருகேற்றிய பித்தளைக் கைப்பிடி சீராகப் பளபளத்தால் அது கிளீம். கத்தி முனையிலோ மூக்குக்கண்ணாடி விளிம்பிலோ ஒரு கணம் பளிச்சிட்டால் கிளின்ட். ஈரத்தில் பளபளப்பது கிளிஸன். பல புள்ளிகளாகச் சிதறி மின்னுவது கிளிட்டர். 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்பதன் ஆங்கில வடிவத்தில் வருவதும் அதுதான். பட்டுத் துணியிலும் கானலிலும் ஒளி மெல்ல அலைவது ஷிம்மர். தணலிலிருந்து சீராக வருவது க்ளோ.

குழப்பம் உண்மையில் வருவது ஃப்ளிக்கரோடுதான். ஃப்ளிக்கரில் முக்கியம் ஏற்ற இறக்கம். கண்ணைக் கூசும் குழல்விளக்குகூடப் பழுதானால் ஃப்ளிக்கர் ஆகும், ஆனால் அதைக் கிளிம்மர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிளிம்மரில் முக்கியம் மங்கல். நடுக்கம் அதோடு ஒட்டிவருவது.

ஏன் ஒட்டிவருகிறது என்பதற்குக் காரணம் உண்டு. தொலைவிலுள்ள சிறு விளக்கின் ஒளி, வெப்பநிலை மாறிமாறி இருக்கும் காற்றைக் கடந்து வரும்போது சற்றுச் சற்று விலகுகிறது. அதனால் விளக்கு நடுங்குவதுபோல் தெரிகிறது. இன்னொரு காரணம் கண்ணிலேயே இருக்கிறது. மங்கிய ஒளியை உணர்பவை விழித்திரையின் கோல் செல்கள். நாம் உற்றுப் பார்க்கும்போது ஒளி விழும் நடுக்குழியில் அவை இல்லை. எனவே மிக மங்கிய ஒளிப்புள்ளியை நேராகப் பார்த்தால் மறையும், பார்வையைச் சற்று விலக்கினால் மீண்டும் தெரியும். இருட்டில் அரை மணி நேரம் இருந்தபின்தான் இந்தச் செல்கள் ஏறக்குறைய முழுத் திறனுக்கு வரும்.

அளவு தெரிய வேண்டுமானால்: ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் தருவது ஏறத்தாழ 1 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சியில் நிற்கும் முழுநிலவு தருவது சுமார் 0.25 லக்ஸ். கிளிம்மர் இந்த எல்லையில் உலவும் சொல். நீர்ப்பரப்புக்குப் பகலிலும் சிலர் எழுதுவார்கள். அங்கும் வலுவற்ற, நிலையற்ற ஒளியைத்தான் சொல்லவருகிறார்கள்.

இலக்கணம் சின்னது, ஆனால் தவறு நடக்கும் இடம்: வினையாக வரும்போது இது செயப்படுபொருள் ஏற்காது. விளக்கு கிளிம்மர் ஆகும். விளக்கு அறையைக் 'கிளிம்மர்' செய்யாது.

மறுமொழி 2: சொற்சேர்க்கை

'ஆஃப்' என்பதற்குப் பின் எதுவும் வரலாம் என்பது இல்லை. மேலே சொன்ன ஒளியின் குணங்களே இங்கும் வாசலில் நின்று சோதிக்கின்றன. சிறிதாகத் தொடங்குவது, வளரவும் கூடும் அணையவும் கூடும் என்று இருப்பது, முகத்திலோ சூழலிலோ வெளியே தெரியக்கூடியது: இப்படிப்பட்டவற்றோடுதான் சொல் இயல்பாக ஒட்டும். முதலிடம் 'ஹோப்'புக்கு. அடுத்து அண்டர்ஸ்டாண்டிங், இன்ட்ரஸ்ட், ரெகக்னிஷன், ஐடியா, ஸ்மைல். கோபத்துக்குக் கிளிம்மர் பொதுவாக வராது. கோபம் சட்டெனத் தெறிப்பது, அதற்கு ஃப்ளாஷ் அல்லது கிளின்ட். சந்தேகத்துக்கு ஷேடோ அல்லது ஃப்ளிக்கர். பணம், நோய், பிழை போன்றவற்றுக்கு 'கிளிம்மர் ஆஃப்' போட்டால் ஆங்கிலம் தெரிந்தவர் காதில் இடறும். அங்கே ட்ரேஸ், ஹின்ட், சைன் போன்றவைதான்.

முன்னால் வரும் அடைமொழிகளும் இதே கணக்கு. ஃபெயின்ட், ஸ்லைட், டைனி, ஃபர்ஸ்ட், லாஸ்ட் எல்லாம் பொருந்தும். 'ஸ்ட்ராங் கிளிம்மர்' என்பது தனக்குத் தானே முரண். இது எண்ணக்கூடிய பெயர்ச்சொல், ஆகவே ஒருமையில் 'எ', 'த' போன்ற ஏதாவது ஒன்று முன்னால் இல்லாமல் பொதுவாக நிற்காது. 'கிளிம்மர்ஸ் ஆஃப் ஹோப்' என்ற பன்மையும் சரிதான். அப்போது அங்கங்கே, சில இடங்களில் என்ற பொருள் சேரும்.

மொழிபெயர்ப்பவர் மிகவும் கவனிக்க வேண்டியது உடன்பாடும் எதிர்மறையும். 'தேர் இஸ் எ கிளிம்மர்' என்றால் கொஞ்சம் இருக்கிறது. சுற்றியிருக்கும் இருட்டு பெரிது, ஆனாலும் இருக்கிறது. 'நாட் ஈவன் எ கிளிம்மர்' என்றால் பூஜ்யம். எதிர்மறையில் ஒளி ஏறக்குறைய செத்துப்போய், வெறும் சிற்றளவுச் சொல்லாகிவிடுகிறது. உங்கள் 4-ஆம் வாக்கியம் மேடைப் பேச்சுபோல் ஆனதற்குக் காரணம் இதுதான். ஆங்கில வாசகர் அங்கே விளக்கையே பார்ப்பதில்லை, நீங்கள் பார்க்கவைக்கிறீர்கள்.

'ரே ஆஃப் ஹோப்' கிளிம்மரைவிட ஒரு படி உறுதியானது. 'ஸ்பார்க்' என்றால் அது பற்றி எரியும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. கண் என்று வந்தால்: கிளின்ட் குறும்பு அல்லது கெடுநோக்கு, ட்விங்கிள் அன்போடு கூடிய வேடிக்கை, கிளீம் ஆர்வம் அல்லது மனதுக்குள் ஓடும் திட்டம். கிளிம்மர் என்றால் உள்ளே ஏதோ விழிக்கிறது, இன்னும் முழுதாக வெளிவரவில்லை.

மறுமொழி 3: மறுகரை

மூன்றாவது கேள்விக்கு: வேண்டாம். ஒளியைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று எண்ணுவதால்தான் நம் மொழிபெயர்ப்புகள் எல்லாம் ஒரே கீற்றாக நிற்கின்றன.

கீற்றுக்கு வடிவம் உண்டு. நீளமாக, மெல்லியதாக, ஓரம் தெளிந்து இருப்பது கீற்று. கிளிம்மருக்கு வடிவமே கிடையாது. எனவே 'நம்பிக்கைக் கீற்று' உண்மையில் 'ரே ஆஃப் ஹோப்'புக்குச் சரியான சொல். அதே சமயம் உங்கள் 2-ஆம் வாக்கியத்தில் ஒளி கதவிடுக்கு வழியாகக் கோடாக வருகிறது என்றால் அங்கே 'மங்கிய ஒளிக்கீற்று' அழகாக உட்காரும். சொல் அதேதான், ஆனால் உருவகத்தில் பொருந்தாமல் நேர்ப்பொருளில் பொருந்துகிறது.

உணர்ச்சிகள் மெல்லத் தலைகாட்டுவதைச் சொல்லத் தமிழ் பெரும்பாலும் செடிகொடிப் பக்கம் போகும். புன்னகை அரும்பும். நம்பிக்கை துளிர்க்கும். ஆசை முளைவிடும். 'எ கிளிம்மர் ஆஃப் எ ஸ்மைல்' என்பதற்கு 'இதழோரம் புன்னகை அரும்பியது' என்பதைவிடப் பொருத்தமாக எழுத முடியாது. அரும்பு மலரலாம், மலராமலும் போகலாம். அந்த நிச்சயமின்மை அப்படியே கிடைத்துவிடுகிறது.

நினைவுக்கு வந்தால் இன்னும் சுவையானது: ஆங்கிலம் ஒளியைத் தேடும் இடத்தில் தமிழ் நிழலைத் தேடுகிறது. பழைய நினைவு மனதில் 'நிழலாடுகிறது' என்கிறோம். தெரிந்தும் தெரியாமலும் வந்துபோகும் அந்த அசைவுதான் உங்கள் 3-ஆம் வாக்கியத்துக்கு வேண்டியது. 'மகளைப் பார்த்ததும் அவர் கண்ணில் ஏதோ நினைவு நிழலாடியது' என்று எழுதிப் பாருங்கள். 'அடையாளம் கண்டுகொண்டார்' என்று எழுதினால் கதையே மாறிவிடும். அவர் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

புரிதலுக்கு: 'லேசாகப் பிடிபட ஆரம்பித்தது', 'மங்கலாகப் புலப்பட்டது'. 'பொறி தட்டியது' என்று எழுதிவிடாதீர்கள். அது சட்டென்று வருவது, வந்தவுடன் முழுதாக வருவது.

எதிர்மறைக்கு நம்மிடம் அளவுச் சொற்கள் தாராளம்: துளிகூட, எள்ளளவும், இம்மியும், கொஞ்சமும். பேசுபவர் யார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மருத்துவர் வாயில் 'எள்ளளவும்' சற்றுப் புலவர்த்தனமாக இருக்கும், 'துளிகூட' போதும்.

நேர்ப்பொருளில் அகல், லாந்தர் போன்ற சிறு சுடர் தடுமாறி எரிந்தால் 'முணுக் முணுக்கென்று எரிந்தது'. தொலைவிலுள்ள புள்ளி விளக்குகளுக்கு 'மினுங்குதல்' அல்லது 'மினுக் மினுக்கென்று தெரிதல்'. 'தகதக', 'பளபள', 'ஜொலி' எல்லாம் இதற்குப் பல மடங்கு அதிகம்.

வரிக்குவரி (கேட்டவர்)

மிகத் தெளிவாக இருக்கிறது, நன்றி. முதல் வரைவு இது:

1. அக்கரையில் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.
2. கதவிடுக்கில் மங்கிய ஒளிக்கீற்று.
3. அவளைக் கண்டதும் அவர் கண்ணில் ஏதோ நினைவு நிழலாடியது.
4. நம்பிக்கைக்குத் துளிகூட இடமில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். இணையத்தில் 'கிளிம்ப்ஸ் ஆஃப் ஹோப்' என்றும் பார்க்கிறேன், அதுவும் இதுவும் ஒன்றா? மனநலக் கட்டுரைகளில் வெறும் 'கிளிம்மர்ஸ்' என்று பன்மையில் வருகிறதே, அது என்ன?

மறுமொழி 4: அரையிருள்

கிளிம்ப்ஸ், கிளிம்மர் இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. கிளீமும் அந்தக் குடும்பம்தான். ஆனால் வேலை வேறு. கிளிம்ப்ஸ் என்பது பார்ப்பவருடைய செயல்: ஒரு கணம் கண்ணில் பட்டது. கிளிம்மர் என்பது பார்க்கப்படும் பொருளின் குணம். 'கேட்ச் எ கிளிம்ப்ஸ் ஆஃப்' என்பதற்குப் பின் ஆள், மலை, ரயில் எது வேண்டுமானாலும் வரலாம். நம்பிக்கைக்கு நிலைபெற்ற வழக்கு கிளிம்மர். 'கிளிம்ப்ஸ் ஆஃப் ஹோப்' என்பது பெரும்பாலும் இரண்டும் கலந்துபோனதால் வருவது. தேர்வுத்தாளிலோ பதிப்பாசிரியரிடமோ போனால் திருத்தப்படலாம்.

சொல்லின் தொடக்கத்தில் வரும் 'கிள' ஒலிக்கூட்டமே ஆங்கிலக் காதுக்கு ஒளியை நினைவூட்டும். இப்படி ஒலிக்கூட்டம் பொருளோடு ஒட்டிக்கொள்வதை மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930-இல் 'ஃபோனஸ்தீம்' என்று பெயரிட்டுச் சொன்னார். ஆனால் அதை நம்பி எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைக்கக் கூடாது. 'கிளாமர்' இந்த இனமே அல்ல. 'கிராமர்' என்ற சொல் ஸ்காட்லாந்து வழக்கில் திரிந்து, மாயவித்தை என்ற பொருளில் வழங்கி, அங்கிருந்து வந்தது. ஜெர்மன் மொழியில் 'கிளிம்மர்' என்றால் அபிரகம், அதாவது மைக்கா. அறிவியல் நூல் மொழிபெயர்ப்பவர்கள் ஜெர்மன் மேற்கோள்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

மனநலக் கட்டுரைகளில் வருவது தனிக் கலைச்சொல். டெப் டானா என்ற சிகிச்சையாளர் 2018-இல் வெளிவந்த தம் நூலில் 'ட்ரிகர்' (பழைய அச்சத்தையோ வேதனையையோ கிளறிவிடுவது) என்பதற்கு எதிர்நிலையாக இதைப் பயன்படுத்தினார். உடலும் மனமும் பாதுகாப்பை உணரும் சின்னச் சின்னத் தருணங்கள் என்பது பொருள். அங்கே நம்பிக்கை, ஒளி எதையும் சேர்க்காமல் 'ஆசுவாசத் தருணங்கள்' என்று எழுதி, முதல் முறை வரும்போது மட்டும் 'கிளிம்மர்ஸ்' என்ற பெயரையும் தந்துவிட்டால் போதும்.

மறுமொழி 5: மறுகரை

வரைவில் 2-ம் 3-ம் அப்படியே இருக்கட்டும். 1-ஐ மட்டும் மாற்றுங்கள். 'மினுக்குதல்' என்பதற்குத் தமிழில் தன்னை அலங்கரித்துக் காட்டிக்கொள்வது என்ற பொருளும் வலுவாக உண்டு. மேனாமினுக்கி என்பது அங்கிருந்து வந்ததுதான். 'மினுக்கிக்கொண்டிருந்தன' என்று எழுதினால் விளக்குகள் ஒப்பனை செய்துகொள்வதுபோல் ஆகிவிடும். 'அக்கரையில் விளக்குகள் மினுங்கின' போதும். ஏரியின் அகலத்தைக் காட்ட வேண்டுமானால் 'தொலைவில்' என்பதை முன்னால் சேருங்கள்.

4-இல் 'நம்பிக்கைக்கு இடமில்லை' என்பது அறிக்கை நடை. நோயாளியின் உறவினரிடம் நேருக்கு நேர் சொல்கிறார் என்றால் 'துளிகூட நம்பிக்கை இல்லை' என்று புரட்டிப் போடுங்கள்.