கீமோ தொடங்கும் வேளையில் நடைப்பயிற்சி மனத்துக்கு உதவுமா?

கேள்வி

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கீமோதெரபி அடுத்த வாரம் தொடங்குகிறது. நோய் உறுதியானதிலிருந்து அவர் பெரும்பாலும் படுத்தே இருக்கிறார். தூக்கமும் பேச்சும் குறைந்துவிட்டன. உடம்பை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பதே உறவினர்கள் அனைவரின் அறிவுரை. நடந்தால் மனம் தெளியுமா, அல்லது களைப்புதான் கூடுமா?

பதில் 1 (இயன்முறை சிகிச்சையாளர்)

முழு ஓய்வு களைப்பைத் தீர்ப்பதில்லை. தசை வலுவிழந்து, சிறு வேலைக்கே மூச்சு வாங்கும் நிலைக்குத் தள்ளிவிடும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மிதமான உடற்பயிற்சியைக் குறைந்தது 8 முதல் 12 வாரங்கள் செய்துவந்தால் பதற்றம், மனச்சோர்வு, களைப்பு ஆகிய மூன்றும் குறைய வாய்ப்புண்டு. இது எட்ட வேண்டிய அளவே தவிர, தொடங்க வேண்டிய அளவு அன்று. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஐந்து நிமிடம் நடப்பதும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் முதல் வாரத்துக்குப் போதும்.

ஆனால் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எலும்பில் நோய் பரவியிருந்தாலோ, இதயப் பிரச்சினை இருந்தாலோ, ரத்தத் தட்டணுக்களோ ஹீமோகுளோபினோ மிகவும் குறைந்திருந்தாலோ பயிற்சியை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

பதில் 2 (சிகிச்சை முடித்தவர்)

மருந்து ஏறிய மறுநாள் எனக்குத் தெம்பாகவே இருக்கும். வாந்தியைத் தடுக்கத் தரும் ஸ்டீராய்டின் வேலை அது என்று பிறகுதான் விளங்கியது. அதன் வீச்சு அடங்கியதும் உடம்பும் மனமும் ஒருசேரச் சரியும். அந்த நாட்களில் கட்டிலிலிருந்து வாசல்வரை போய்த் திரும்புவதையே நடையாகக் கணக்கிட்டுக்கொண்டேன். மருந்து, பரிசோதனை, தேதி என எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்துக்கொண்டிருந்த காலத்தில், என் விருப்பப்படி நடந்த ஒரே காரியம் அதுதான். மனத்துக்கு அதுவே பெரிய ஆறுதல். ஒன்று மட்டும் சொல்வேன்: தயவுசெய்து அம்மாவை விரட்டாதீர்கள். "இன்றைக்கு நடந்தீர்களா?" என்று தினமும் கேட்பதைவிட, கூடவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது மேல்.

கேள்வி கேட்டவர்

நன்றி. நடக்கத் தொடங்கியும் மனநிலை மாறாவிட்டால்?

பதில் 1-ஐ எழுதியவர்

அவர் நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எதிலும் நாட்டமின்மையும் தூக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை தேவைப்படலாம். நடை அதற்கு மாற்றாகாது. மன உளைச்சலை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று பல புற்றுநோய்ப் பிரிவுகளில் உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரிப்பார்கள். முதல் கீமோவுக்குப் போகும் அன்றே அதைக் கேட்டு வாங்கி, அம்மாவையே நிரப்பச் சொல்லுங்கள்.