மாரிக்கு வயல் காவலுக்குப் போக என்ன உடுப்பு?

டவுன் பெடியன் கேட்டது:

வணக்கம். நான் திருகோணமலை டவுனுக்குள்ள, நாள் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து வேலை செய்யிற ஆள். அத்தானுக்குத் தம்பலகாமத்தில வயல். பெரும்போக நெல்லு இப்ப பால் பிடிக்கிற நேரம், பன்றி இறங்கத் தொடங்கீட்டுது. பக்கத்து வயல்காரரோட சேர்ந்து முறை வைச்சு இரவுக் காவல் இருக்கினம். வெள்ளி, சனி என்னையும் வரச் சொல்லிப்போட்டார்.

என்ர பயம் காலநிலைதான். பின்னேரம் நாலு மணிக்கு வெயில் சுடுது. எட்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து கொட்டுது. விடியப்புறம் வாடைக் காத்து. ஒரே இரவுக்குள்ள மூண்டும். அத்தானைக் கேட்டா "சாரமும் துவாயும் போதும், வா" எண்டுறார். அவருக்கு அது பழகின உடம்பு.

ஒன்லைனில வேட்டைக்காரர் போடுற புள்ளி உடுப்பு செற் ஒண்டு கிடக்கு, மழை வெயில் எல்லாத்துக்கும் ஏற்றதெண்டு போட்டிருக்கு. எடுக்கலாமோ? காலுக்குச் சப்பாத்தோ, ரப்பர் கம்பூட்ஸோ? ரெயின்கோட் தேவையோ? துவக்குப் பிடிக்கிற வேலை எனக்கில்லை, லைசென்ஸ் அத்தானிட்டத்தான். நான் டோர்ச்சும் சத்தமும்.

கொட்டியாரத்தான்:

தம்பி, முதல்ல அந்தப் புள்ளி உடுப்பை மறந்திடுங்கோ. இராணுவ உடுப்பு மாதிரித் துணி பொதுமக்கள் போடுறது இந்த நாட்டில சட்டப்படி தடை. சீனக்குடாப் பக்கம் இரவு பதினொரு மணிக்கு மோட்டச்சைக்கிளை மறிச்சா என்ன விளக்கம் சொல்லப் போறீங்கள்? சட்டம் கிடக்கட்டும், மூதூர்ப் பக்கத்தில எங்கட வயசு ஆக்களுக்கு அந்தத் துணி இருட்டில அசையிறதைக் கண்டாலே வயிறு கலங்கும். பன்றிக்கு அதால ஒரு வித்தியாசமும் இல்லை. அதுக்குக் கண் மட்டம், மூக்குத்தான் எல்லாம். காத்து உங்கட பக்கமிருந்து அதுக்குப் போனா எந்த நிறத்தில நிண்டாலும் மணந்திடும். அதோட நீங்கள் போறது பன்றியைக் கலைக்க. ஒளிச்சு என்ன செய்யப் போறீங்கள்?

வயல் காவலில நீங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டியது துவக்கு வைச்சிருக்கிறவனுக்கு. நித்திரை தூங்குற நேரத்தில, மழைக்குள்ள, வரம்பில குனிஞ்சு வாற மனிசனும் பன்றியும் ஒரே கறுப்பு. ரோட்டு வேலை செய்யிற ஆக்கள் போடுற மினுங்கல் பட்டி வைச்ச கையில்லாச் சட்டை ஹாட்வெயார் கடையில கிடைக்கும். எல்லாத்துக்கும் மேலால அதைப் போடுங்கோ. டோர்ச் பட்ட உடனே பளிச்செண்டு தெரியும். அது கிடைக்காட்டி வெள்ளைத் துவாய் ஒண்டு தோளில. அத்தானை மட்டுமில்லை, பக்கத்து வயலில துவக்கோட இருக்கிற ஆளையும் யோசிக்க வேணும், அவருக்கு உங்களைத் தெரியாது. கட்டுத்துவக்கு, அதுதான் கயிறு தட்டுப்பட்டா தானா வெடிக்கிற பொறி, கட்டுற ஆக்கள் உள்ள இடமெண்டா வரம்பை விட்டுப் பத்தைக்குள்ள காலே வைக்காதேங்கோ. அதுக்கு எந்த உடுப்பும் உதவாது.

ரெயின்கோட் வேணும். ஆனா கழுத்துக்குப் பின்னால வாற அந்தத் தலைமூடியைப் போடாதேங்கோ. அதுக்குள்ள மழை விழுற சத்தத்தைத் தவிர ஒண்டும் கேக்காது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் பன்றி மட்டுமில்லை, யானையும் வரும். இவ்வளவு பெரிய உடம்பு, ஆனா ஈர மண்ணில நடக்கிற சத்தமே கேக்காது. கொப்பு முறியிறது, காது அடிக்கிறது, அடிவயித்திலயிருந்து உறுமிற மாதிரி ஒண்டு, இவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கிற அறிவித்தல். காது திறந்திருக்க வேணும். மழைக்கு அகல விளிம்புத் தொப்பி காணும். கோட்டும் உடம்போட ஒட்டினது வேண்டாம், உள்ளுக்க வேர்த்து மழையில நனைஞ்ச அளவுக்கு நனைஞ்சிடுவீங்கள். கீழ விரிஞ்சு காத்து வந்து போறதைப் பாருங்கோ.

குளிரைப் பற்றி. இங்க தை மாதத்து இரவிலயும் கிட்டத்தட்ட 24 பாகை நிக்கும். அதைக் கேட்டு டவுன் ஆக்கள் சிரிப்பினம். நனைஞ்ச பெனியனோட வாடைக்கு முன்னால பரணில ரெண்டு மணித்தியாலம் இருந்து பாக்கட்டும். சூட்டை எடுக்கிறது ஈரமும் காத்தும். நான் சின்னனில ஈச்சிலம்பற்றுக் காட்டுப் பக்கம் வேடப் பெரியவர்களோட தேனுக்குப் போறனான். அவையள் மழை துவங்கினா மேலில கிடக்கிற துணியைக் கழட்டிச் சுருட்டி வைச்சிடுவினம். வெறும் மேலோட நனைவினம். மழை விட்ட பிறகு துடைச்சுப்போட்டு, காய்ஞ்ச துணியைப் போடுவினம். நான் இண்டைக்கும் அதைத்தான் செய்யிறன், கொஞ்சம் மாத்தி: ஒரு பெனியனும் ஒரு சாரமும் பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டிப் பரணில கிடக்கும். மழை முழுசா ஓய்ஞ்ச பிறகுதான் அதை அவிழ்ப்பன். இடையில அவிழ்த்தா அதுவும் நனையும், பிறகு விடியும்வரை கை கட்டிக்கொண்டு நடுங்க வேண்டியதுதான்.

காத்துக்கு உரப்பைக்குள்ள வாற பொலித்தீன் பை நல்லம். தலைக்கு ஒரு ஓட்டை, கைக்கு ரெண்டு, பெனியனுக்கு மேலால சேட்டுக்கு உள்ளால போட்டா வாடை உள்ளுக்க வராது. முதல் நாலைஞ்சு தண்ணியில அலசுங்கோ, யூரியா ஒட்டியிருந்தா தோல் அரிச்சுத் தள்ளும்.

காலுக்குக் கம்பூட்ஸ்தான், வேற கதையில்லை. நெல்லுக்குள்ள புடையன் பாம்பு கிடக்கும். மழை இல்லாத நேரம் லோங்ஸ் காலைப் பூட்ஸுக்குள்ள விடுங்கோ, உண்ணி ஏறாது. மழை துவங்கினா வெளியில எடுத்து விடுங்கோ, இல்லாட்டித் துணியால வழிஞ்சு பூட்ஸ் குடம் மாதிரி நிரம்பும். வாய்க்காலில முழங்காலுக்கு மேல தண்ணியெண்டா கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு, தடியால குத்திப் பாத்துக் கடவுங்கோ. கழட்டி வைச்சதைத் திரும்பப் போட முதல் கவிட்டுத் தட்டுங்கோ, தேள் இருக்கும்.

கடைசியா ஒண்டு. மான், மரை கண்ணில பட்டா டோர்ச்சை அணைச்சுப்போட்டுப் பேசாம இருங்கோ. வனசீவராசிகள் பாதுகாப்புக்கு 1937ம் ஆண்டிலயிருந்து சட்டம் இருக்கு. லைசென்ஸ் துவக்கு பயிரைக் காக்கத் தந்தது.

மல்லிகைத்தீவு கனடா:

ஐயா சொன்னதை அப்பிடியே ஒத்துக்கொள்ளுறன். நான் ஒன்ராறியோவில நவம்பரில அனுமதி எடுத்து மான் வேட்டைக்குப் போறனான். இங்க துவக்குச் சீசனில செம்மஞ்சள் போடாமப் போனா குற்றம். தலையில செம்மஞ்சள் தொப்பி, இடுப்புக்கு மேல குறைஞ்சது 2,580 சதுர சென்ரிமீற்றர், எல்லாப் பக்கத்தாலயும் தெரிய வேணும். புள்ளி போட்ட செம்மஞ்சளைக் கணக்கில எடுக்க மாட்டினம். மானுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் பிரிச்சுத் தெரியாது, மனிசருக்குத் தெரியும், அதுதான் விசயம். மாறா, மானுக்கு நீலம் நல்லாத் தெரியும். ஜீன்ஸோட வாற புது ஆக்களுக்கு இங்க இதைத்தான் முதல் சொல்லுறது.

குளிருக்கு இங்க ரகசியம் எண்டா நடக்கேக்க குறைச்சுப் போடுறது. தடிச்ச ஜக்கெற்றை முதுகுப் பையில கொண்டுபோய், இருக்கிற இடத்துக்குப் போய் வேர்வை ஆறின பிறகு போடுறது. தோலோட பருத்தி போட மாட்டம், நனைஞ்சா காயாது, சூட்டை உறிஞ்சிடும். கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு தரும். நீங்கள் அங்க கம்பளி போட்டா நாலு மணி வெயிலிலயே விழுந்திடுவீங்கள். விளையாட்டுக்காரர் போடுற மெல்லிய பொலியெஸ்டர் ரீசேட் ஒண்டு உள்ளுக்க போட்டுப் பாருங்கோ.

ஊசிநூல்:

உப்புவெளியில தையல் எனக்கு. வயல்காரருக்கு நிறையத் தைச்சுக் குடுத்திருக்கிறன். அந்தச் செற்றுக்குக் குடுக்கிற காசுக்கு ரெண்டு லோங்ஸ் தைக்கலாம். பொலியெஸ்டர் கலந்த பருத்தி எடுங்கோ, பள்ளிக்கூடக் காற்சட்டைக்கு எடுக்கிற மாதிரி. மாரிக்குள்ள ஜீன்ஸ் கொடியில ரெண்டு நாள் கிடந்தும் இடுப்புப் பட்டி ஈரமாவே இருக்கும். நிறம் காக்கியோ வெளிர் சாம்பலோ, உண்ணி ஊர்ந்தா கண்ணுக்குத் தெரியும்.

தைக்கக் குடுக்கேக்க ரெண்டு விசயம் சொல்லுங்கோ. கவட்டில சாய்சதுரமா ஒரு துண்டு வைக்கச் சொல்லுங்கோ, வரம்பு தாண்டேக்க அந்த இடம்தான் எப்பவும் கிழியிறது. பக்கப் பொக்கற்றுக்கு மூடி வைச்சுப் பட்டன் போட்டு, அடியில சின்னதா ஒரு ஓட்டை விட்டா மழைத் தண்ணி தங்காது. முழங்காலில ரெட்டைத் துணி கேட்டு வருவினம், நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுறது. அந்த இடம் காயவே காயாது. அளவு எடுக்கேக்க நிண்டு மட்டும் குடுக்காதேங்கோ, குந்தியிருந்தும் குடுங்கோ.

கிண்ணியா மருத்துவமாது:

உடுப்பு விசயத்தோட சேர்த்து இதையும் பாருங்கோ. காலில புண், கீறல் இருந்தா வயல் தண்ணியில இறங்க முதல் மூடிக் கட்டுங்கோ. 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் பரவி ஆக்கள் செத்தது ஞாபகம் இருக்கும். வயலுக்குப் போற ஆக்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில இலவசம். உங்கட பகுதிப் பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேளுங்கோ, போக முதலே துவங்க வேணும். வந்து காய்ச்சல் எண்டா பனடோலோட வீட்டில படுக்காம, வயலுக்குப் போனதை டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

டவுன் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. புள்ளி செற்றை விட்டிட்டன். மினுங்கல் சட்டை ரெண்டு வாங்கினன், ஒண்டு அத்தானுக்கு. கம்பூட்ஸ் பாத்தன், எனக்கு எட்டு சைஸ். கடையில ஏழும் ஒன்பதும்தான் கிடக்கு. எதை எடுக்கிறது?

கொட்டியாரத்தான்:

ஒன்பது. சொக்ஸ் ரெண்டு சோடி போடுங்கோ. ஏழை எடுத்தா விடிய கழட்ட ரெண்டு பேர் வேணும்.